ஹேர்பின் நுழையாத ஹீட்சிங்க்

ராமநாதபுரத்தில் என் கல்லூரி ப்ராஜெக்டை மதிப்பிட வந்தவர், பெரிய கொண்டை போட்ட ஒரு பேராசிரியை. எதையும் ஹேர்பின்னால் குத்திப் பார்ப்பது அவர் வழக்கம்.

கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க நான் செய்திருந்தது செம்புத் தகடுகளை அடுக்கிய ஒரு ஹீட்சிங்க். தகடு கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று இடைவெளியே இல்லாமல் நெருக்கியிருந்தேன். இதில் தேறினால்தான் டிகிரி.

ஹேர்பின் தகடுகளுக்கிடையே நுழையவில்லை.

“தம்பி, இது ஹீட்சிங்கா, பேன்சீப்பா? காத்து எங்கிட்டுப் போகும்?”

“பெரிய ஃபேன் வச்சிருக்கேன் மேடம்.”

ஓட்டிக் காட்டினேன். கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துபோனது.

“ஒண்ணுவிட்டு ஒண்ணாத் தகட்டைப் பிடுங்கு. டீ குடிச்சிட்டு வாரேன்.”

குறடால் பிடுங்கினேன். அவர் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் போட்டார். நான் செய்ததற்கா, பிடுங்கியதற்கா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

பிடுங்கிய தகடுகளில் ஒன்றை அவர் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். எந்தக் கல்லூரியில் யாரிடம் காட்டிச் சிரிக்கிறாரோ!