கடைசியில் வருபவன்

வாசுவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவன் ஒரு மடையன் என்பதுதான். வந்த புதிதில் ஒரே ரூமில் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்துக் கிடந்தவர்கள் நாங்கள், அதனால் எனக்கு அந்த உரிமை உண்டு. ஷார்ஜாவில் எந்தத் தமிழனுக்கு என்ன காரியம் ஆக வேண்டுமென்றாலும் போன் அவனுக்குத்தான் வரும். புதிதாக வந்து இறங்குகிற பையனுக்கு ரோலா பக்கம் படுக்க ஒரு பெட் ஸ்பேஸ் பிடித்துக் கொடுப்பான். யாருடைய மாமியாரையோ ஏர்போர்ட்டில் போய் அழைத்து வருவான். சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டால், உடலை ஊருக்கு அனுப்பி வைக்கும்வரை ஆபீஸ் ஆபீஸாக அலைவான். பெற்ற மகள் மஹதியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் பாதியில்தான் போய்ச் சேருவான். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அதெல்லாம் மிஞ்சும் பாய்" என்பான்.

பாய் நான்தான். பெயர் சதக்கத்துல்லா, ஊர் கீழக்கரை, துபாய் தேராவில் ஒரு கார்கோ ஆபீசில் வேலை. வாசு திருச்சிக்காரன். ஏசி கம்பெனியில் எஸ்டிமேட்டர். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவன்.

அப்படிப்பட்டவனுக்குப் பனிப் பைத்தியம் பிடித்தது மஹதியின் பிறந்தநாளன்று. துபாயில் ஒரு மாலுக்குள் பனிக்கூடம் ஒன்று உண்டு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே எல்லோரும் கம்பளிக் குல்லாவோடு திரிவார்கள். மஹதிக்குக் காது வலித்தது, வெளியே வந்துவிட்டாள். அப்பன் வரவில்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அடுத்த லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நாற்பதைத் தாண்டிய இரண்டு தொப்பைக்காரர்கள் அன்று விழுந்த அழகைப் பார்த்து, பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த அரபிக் குழந்தைகள் கைதட்டின.

அங்கேதான் நளினியும் ரிஷியும் சேர்ந்தார்கள். நளினி கோயம்புத்தூர்ப் பெண், பேங்க்கில் நல்ல பதவி. எங்களில் ஒழுங்காகப் பலகை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ரிஷி மதுரைப் பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். சைட்டில் ஊருக்கெல்லாம் ஹெல்மெட் போடச் சொல்லிவிட்டு இங்கே வந்து தலைகுப்புற விழுகிறவன் என்று அவனை நாங்கள் ஓட்டாத நாளில்லை.

மாலுக்குள் வழுக்கியவர்களுக்கு மலை வேண்டும் என்று ஆசை வந்தது. அமீரக விசா கையில் இருந்தால் ஜார்ஜியா நாட்டுக்குத் தனி விசா வேண்டாம், சென்னைக்குப் போகிற நேரத்தில் போய் இறங்கிவிடலாம். வருடா வருடம் குளிர்காலத்தில் நாலு பேரும் கிளம்பினோம். வாசுவின் மனைவி நீலா என்னைப் பார்த்து, "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குண்ணா கூடக் காயுது?" என்று கேட்பாள். எலிப்புழுக்கை நான்தான். வாசு போகிறான், அதனால் நானும் போகிறேன். அவனை விட்டால் அமீரகத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மலையிலும் அவன் குணம் மாறவில்லை. எப்போதும் கடைசியாகத்தான் வருவான். விழுந்தவனை மேலிருந்து வருகிறவன்தான் தூக்கிவிட முடியும், கீழே போனவன் திரும்ப ஏறி வர முடியாது என்பது அவன் வாதம். முதலில் பாதிச் சரிவுவரை இறங்கி நின்றுகொள்வான். அவனைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் அவரவர் பெயரைக் கத்திவிட்டுப் போக வேண்டும். மூன்று பெயரும் காதில் விழுந்த பிறகுதான் அவன் கிளம்புவான். ஜார்ஜியாவில் இறங்கியதும் ஒரே ஒரு லோக்கல் சிம் வாங்குவோம், அதுவும் அவன் போனில்தான் இருக்கும். மற்ற மூவரும் அவனுடைய ஹாட்ஸ்பாட்டில் தொங்கிக்கொள்வோம். நாலு பேரும் நல்ல சம்பளக்காரர்கள்தான், ஆனாலும் வளைகுடாவில் காலம் தள்ளியவன் புத்தி எங்கே போகும்?

போன பிப்ரவரியில் பக்குரியானி என்ற மலையூருக்குப் போயிருந்தோம். நாங்கள் போய் இறங்கியது முதல் விடாமல் பனி கொட்டியது. மாலில் இருப்பது கெட்டிப் பனி, விழுந்தால் எலும்பு தெறிக்கும். இது வேறு. இடியாப்பத்துக்குச் சலித்த மாவு மாதிரி, கையில் அள்ளினால் நிற்காமல் உதிர்ந்தது. பவுடர் பனி என்று வீடியோக்களில் மட்டும் பார்த்து ஏங்கியதை நேரில் பார்த்ததும் நாலு பேருக்கும் தலைகால் புரியவில்லை. அன்று மதியம், கயிறு கட்டிய பாதையை விட்டு, பக்கத்து மரக்காட்டுச் சரிவில் இறங்குவது என்று முடிவு செய்தோம். வேண்டாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

வாசு வழக்கம்போல் பாதிச் சரிவில் போய் நின்றுகொண்டான். நளினி முதலில் போனாள். பின்னால் நான். வாசுவைத் தாண்டும்போது என் பெயரைக் கத்தினேன், அவன் கையைத் தூக்கினான். பிறகு நடந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலுக்குக் கீழே தரையே இல்லை. சத்தமும் இல்லை, என் மூச்சுகூட எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மரங்கள் முடிகிற வெட்டவெளியில் நளினி நின்றிருந்தாள். சற்று நேரத்தில் ரிஷி வந்தான். எங்கள் தடத்தில் வராமல், மரங்களுக்குள் வேறு வழியாகப் புகுந்து, உடம்பெல்லாம் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே வந்தான். மூவரும் வாசுவுக்காகக் காத்திருந்தோம். போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான் என்றேன் நான். வழியில் எவனாவது விழுந்து கிடந்திருப்பான், தூக்கிவிட்டு விசாரித்துக்கொண்டிருப்பார் என்றான் ரிஷி. சிரித்தோம். பனி மறுபடி தூற ஆரம்பித்தது. சிரிப்பு தானாக நின்றது.

நளினிதான் முதலில் கூப்பிட்டாள். "அண்ணா... வாசுண்ணா..." குரல் இரண்டு மரம் தாண்டிப் போனமாதிரி தெரியவில்லை. நாங்களும் கத்தினோம். பதிலில்லை. ரிஷி போனை எடுத்தான், சிக்னல் இல்லை. இருக்கிற ஒரே லோக்கல் சிம் வாசுவின் சட்டைப்பையில்.

"ஏறணும்," என்றாள் நளினி.

ஏறுவதாவது. முதல் அடியிலேயே இடுப்புவரை புதைந்தேன். ஒரு காலைப் பிடுங்கினால் மற்றது இறங்கியது. நாலு அடி ஏறினால் மூன்று அடி சரிந்தது. பாலைவன மணலில் வண்டி சிக்கினால் டயருக்கு முன்னால் மிதியடியைப் போட்டு ஏற்றுவோமே, அதைத்தான் கடைசியில் செய்தோம். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு, அடுத்ததை முன்னால் போட்டு, பின்னாலிருப்பதை இழுத்து மறுபடி முன்னால் போட்டு, நாய் மாதிரி ஊர்ந்தோம். கண்ணெதிரே தெரிகிற இடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு முட்டியது, அதனால் திட்டினேன். "ஊரைத் தூக்கிவிட உன்னை யாருடா வேலைக்கு வச்சா? உன் பொண்டாட்டி கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?" என்று மலையைப் பார்த்துக் கத்தினேன். யா அல்லாஹ், அவனை மட்டும் கொடுத்துவிடு, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று மனசுக்குள் பேரமும் பேசினேன்.

கூம்பு மரங்களுக்கிடையே வந்தபோது புதுப்பனி எல்லாத் தடத்தையும் மூடியிருந்தது. என் தடமே எனக்குத் தெரியவில்லை. மேலே போவதா, இடப்பக்கமா, வலப்பக்கமா? ரிஷி பைத்தியம் பிடித்தவன் மாதிரி நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நளினி ஒரு மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். வாசு போய்விட்டான் என்று என் மனசு சொல்லிவிட்டது, அதைச் சொன்ன மனசை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது ரிஷியின் பையில் போன் டிங் என்றது. மறுபடி டிங். அப்புறம் வரிசையாக டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தது.

ரிஷி எடுத்துப் பார்த்தான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் நீலா போட்டிருந்தாள்: "ரிஷி, இவர் போன் எடுக்கவே மாட்டேங்கிறார். பக்கத்துல இருக்காரா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ரிஷியின் போனுக்கு நெட் வருகிறதென்றால் அது வாசுவின் போனிலிருந்துதான் வர முடியும். வாசு பக்கத்தில்தான் இருந்தான்.

"நகராதீங்க," என்றான் ரிஷி. போனை முன்னால் நீட்டிக்கொண்டு இடப்பக்கம் ஊர்ந்தான். நெட் அறுந்தது. திரும்பி வந்தான், ஒரு கோடு வந்தது. வலப்பக்கம் போனான், இரண்டு கோடு. ஒரு பெரிய மரத்தை நெருங்கியபோது கோடு நிறைந்தது. ஆளைத்தான் காணோம்.

"அதோ கிளைக்கு அடியில," என்று நளினி கை நீட்டினாள். தாழ்ந்து தொங்கிய கிளைக்குக் கீழே வாசுவின் பலகை நுனி மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது.

அந்த மரங்களின் அடியில் கிளைகள் குடை பிடிப்பதால் பனி இறுகாது, தண்டைச் சுற்றிக் குழியாகவே இருக்கும். மேலே மட்டும் மெல்லிசாக மூடியிருக்கும். இதை எங்களுக்குப் பிறகு சொன்னார்கள். அதில் தலைகீழாகப் போய் விழுந்திருந்தான் வாசு. நான் பாய்ந்து பலகையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. "இழுக்காதீங்க பாய், தலைப் பக்கம் தோண்டுங்க," என்று நளினி என்னைத் தள்ளினாள். தோண்டினோம். எடுக்க எடுக்கப் பக்கத்துப் பனி உள்ளே சரிந்தது. பலகையால் அள்ளினேன், கையால் அள்ளினேன், கையுறை எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் தோள் வந்தது. பிறகு, முகத்துக்குக் குறுக்கே மடக்கிய கை. அந்தக் கையை விலக்கியபோது அவன் முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. மூச்சில்லை.

நளினி அவன் பையிலிருந்து போனை எடுத்து அவசர உதவிக்குப் பேசினாள். ரிஷி அவன் வாயிலிருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தான். சைட்டில் வருடா வருடம் பொம்மையை வைத்துச் செய்து காட்டுவானே, நாங்கள் கேலி செய்வோமே, அந்த முதலுதவி. தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சை அழுத்தினான். மறுபடி ஊதினான். நான் வாசுவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் பிள்ளை இருக்குடா, பெண் பிள்ளை இருக்குடா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். ரிஷியின் கண்ணீரும் சளியும் வாசுவின் கன்னத்தில் விழுந்தன. அவன் நிறுத்தவில்லை.

ஒரு இருமல் வந்தது. பிறகு வாந்தி. பிறகு, மாடு கத்துவது மாதிரி ஒரு மூச்சு.

ரிஷி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தி, முகத்தைத் துடைத்தான். வாசு கண்ணைத் திறந்தான். இமையெல்லாம் பனி, பார்வை எங்கேயோ இருந்தது. உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பாய்," என்றான். "ரிஷி... இன்னும் என்னைத் தாண்டல. மேலேயே நிக்கிறான். விழுந்துட்டான் போல. ஏறிப் பாக்கலாம்னுதான்... பலகையைக் கழட்ட இந்த மரத்துக்கிட்ட வந்தேன்."

ரிஷியின் கை அவன் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது. "நான் கத்தினேனே அண்ணே," என்றான். "அந்தப் பக்கமா போறப்போ பேரைச் சொல்லிக் கத்தினேனே."

"அவன் வந்து ரொம்ப நேரமாச்சுடா," என்றேன் நான். "உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

வாசுவுக்கு அது புரியவில்லை. "போய்ப் பாருங்க பாய், சின்னப் பையன்," என்றான். மீட்புக்காரர்கள் வந்து அவனைச் சறுக்குப் படுக்கையில் வைத்துக் கட்டிக் கீழே இழுத்துப் போகும்போதும், தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த ரிஷியை அவன் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி, மேலே சரிவையே பார்த்துக்கொண்டு வந்தான்.