பெயிண்டின் மேல் முறுக்கிய எர்த்து வயர்

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வலியசாலை வீட்டுக்கு வந்திருந்தாள். கழக்கூட்டத்திலிருந்து அவள் மாமியார், "சமயத்துக்கு நாங்க காரு அனுப்பட்டா?" என்று போனில் கேட்டாள். "எங்க வீட்டுல வண்டி நிக்கு" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி நின்றது, அதுதான் சங்கடம். என் வீட்டுக்காரர் டிரைவராக இருந்த கடை முதலாளியிடமே வாங்கிய பழைய கார். சரஸ்வதி பூஜைக்கு அதைத் தேய்த்துக் கழுவி, பானெட்டுக்குள்ளும் கறுப்புப் பெயிண்ட் அடித்து மாலை போட்டார். அதற்குப் பிறகு தோன்றினால் ஸ்டார்ட் ஆகும், இல்லையென்றால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் அடித்தால் லைட் மங்கியது. புது பேட்டரி வைத்தும் அதே டிக். மகள் வயிற்றைப் பிடித்தாலே எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

"அம்மா, வலி வந்தா ஒரு ஓட்டோ விளிச்சா போதும்" என்றாள் அவள்.

"உன் மாமியார்கிட்ட ஓட்டோன்னா சொன்னேன்?"

ஒருநாள் காலையில் அவர் தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை எஞ்சின் இரும்பில் அழுத்திப் பிடித்தார்.

"ஏட்டி, சாவியத் திருப்பு."

"ஷாக் அடிச்சா?"

"ஷாக்கும் அடிக்காது, மண்ணும் அடிக்காது. திருப்பு."

உடனே உறுமியது. அணைத்து, வயரை எடுத்துவிட்டுத் திருப்பினால் டிக்.

"எர்த்துதான்" என்றார். பேட்டரியின் எர்த்து வயர் வெறும் இரும்பைத் தொட வேண்டும். பூஜைக்கு அதைக் கழற்றியவர், காய்ந்த பெயிண்டின் மேலேயே திரும்ப முறுக்கியிருக்கிறார்.

"ஆரு அடிச்ச பெயிண்டு?" என்றேன். அவர் உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து போல்ட்டை இறுக்கினார். "இனி ஒண்ணும் வராது" என்றார். எனக்குத்தான் நெஞ்சு ஒப்பவில்லை.

சாயங்காலமே மகளுக்கு வலி கண்டது. அவர் அவளை வண்டியில் ஏற்றுவதற்குள் நான் தெருமுனைக்கு ஓடி ஓட்டோக்காரனைக் கூட்டிவந்தேன். "மக்ளே, எங்க வண்டிக்குப் பொறத்தால வா. அது நின்னா நீயும் நில்லு."

கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. நான் மகளின் கையைப் பிடித்தபடி பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் அவர் கை ஹாரனுக்குப் போனது. "தொடாதீங்க!" என்று கத்தினேன். மகள் வலியிலும் சிரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஓட்டோக்காரன் என்னிடம் வந்தான்.

"அம்மே, வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லல்லோ. இனி நான் போகட்டா?"

"கொஞ்சம் நில்லு மக்ளே. இது பொய்வலின்னு திருப்பி அனுப்பிட்டா? அவரு எஞ்சின அணைச்சுட்டாரே."