நாகஜோதியின் பத்தியம்

விடிந்தும் விடியாமலும் தம்பியின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள் நாகஜோதி. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்துவிட்டுப் பார்க்கிறாள். பிசைந்த மாவில் விழுவதுபோல் குழி விழுந்து நிற்கக் கூடாது. பிறகு கைகளைப் புரட்டி, தோலில் சிவப்புப் புள்ளி ஏதும் தெரிகிறதா என்று தேடுகிறாள். முப்பது வயதைத் தாண்டிய அழகுராஜா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "அக்கா, கூச்சமா இருக்கு, விடு" என்பான். "பேசாமக் கெடடா" என்பாள் இவள்.

விளாங்குடியில் மாவுக்கார அக்கா என்றால்தான் தெரியும். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வாய் கொஞ்சம் பெரிது. மாவு புளித்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் தெருவே இரண்டுபடும். அந்த வாய் சில மாதங்களாக அடங்கிக் கிடக்கிறது.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது ஸ்டெம் செல் கொடுத்தவள் அவள்தான். இப்போது அவன் உடம்பில் ஓடுவது அக்காவின் ரத்தம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பிருந்தா ஒன்றை அழுத்திச் சொன்னார். குடிவந்த செல்கள் சில சமயம் அந்த உடம்பையே தாக்கும். ரத்தக் குழாய்களின் உள்சுவர் சேதமானால், பெரிய சிக்கல் வரப்போவதற்கு அது ஓர் அடையாளம். அதன் அறிகுறியாகக் கால் வீங்கினாலோ தோலில் புள்ளி வந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். தம்பியைக் கொல்வதென்றால் தன் ரத்தம்தான் கொல்லும் என்று நாகஜோதி புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் பத்தியம் இருக்கிறாள்.

மாத்திரை சாப்பிடுவது தம்பி. கருவாடு, கத்தரிக்காய், மாங்காய் ஊறுகாயை எல்லாம் விட்டது அக்கா. கேட்டால், "எ ரத்தந்தான அங்க ஓடுது? நாஞ் சூடானதத் தின்னுபுட்டு, கண்டவககிட்டயும் கத்திக்கிட்டுத் திரிஞ்சா, அவனுக்குல்ல கொதிக்கும்" என்பாள். மாவைப் பற்றித் தெருக்காரர்கள் தைரியமாகக் குறை சொல்லத் தொடங்கியது அப்போதுதான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ராத்தூக்கம் கெட்டுச் சிவந்த அவள் கண்களைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

போன வாரம் ஒரு காலையில் குழி விழுந்தது. விழுந்த குழி மேலேறவில்லை. அடுத்த காலிலும் அப்படியே. நாகஜோதிக்குக் கருவாடுதான் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த வாசத்துக்கு மனசு தளர்ந்து, ஒரே ஒரு துண்டு வாயில் போட்டிருந்தாள். கிரைண்டரில் அரிசியை அப்படியே போட்டுவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரத்தம் எடுத்த பிறகு முடிவு வரும்வரை உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை.

டாக்டர் உள்ளே கூப்பிட்டு வாயைத் திறப்பதற்குள், "தப்பு எம்மேலதாம்மா. நேத்து நாங் கருவாடு தின்னுட்டேன்" என்றாள்.

டாக்டர் கையிலிருந்த முடிவுத்தாளைக் கீழே வைத்தார்.

"நீங்க தின்னா இவருக்கு எப்படிம்மா வீங்கும்? உங்க செல்லு அங்க போய் வேர் பிடிச்சு, இப்ப அவரோடதாயிருச்சு. நீங்க என்ன சாப்பிடுறீங்க, யாரத் திட்டுறீங்கன்னு அதுக்குத் தெரியாது."

ரத்தத்தில் உடைந்த அணுக்கள் இல்லை, தட்டணுக்கள் குறையவில்லை, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரஷருக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரையால் வந்த வீக்கம் அது, மாற்றினால் வடிந்துவிடும்.

"அப்ப எ ரத்தம் அவன ஒண்ணும் பண்ணலையா?"

"இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் பண்ணல. ரத்தக் குழாய் நல்லா இருக்கு. கால் வீக்கத்த மட்டும் எப்பவும்போலப் பாத்துக்கங்க."

திரும்பும் வழியில், காளவாசல் பஸ் நிறுத்தத்தில், நண்பனின் செல்போன் கடைக்குப் போய்விட்டு வருவதாக அழகுராஜா சொன்னான். "மாஸ்க்கக் கழட்டிராத" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளாங்குடி வழியாகப் போகும் வாடிப்பட்டி பஸ்ஸில் தனியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் அவள் தோளுக்குப் பக்கத்தில் கம்பியைத் தட்டி எழுப்பினார். "யக்கா, விளாங்குடின்னீங்க. சமயநல்லூரே வந்துருச்சு."

நாகஜோதி கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் திரும்பும் பஸ் வரும்.

"அப்ப வாடிப்பட்டிக்கே ஒண்ணு குடுங்கண்ணே" என்றவள், முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடி ஜன்னலில் சாய்ந்துவிட்டாள்.