கமராவுக்கு முன்னால் கழற்றிய தாலி

முப்பத்தைந்து வயதில் எனக்கு முப்பது வயது மகன் ஒருவன் இருந்தான். தொலைக்காட்சியில்தான். அவனைப் பொலீஸ் பிடித்துக்கொண்டு போக, நான் வாசலில் நின்று தலையில் அடித்து அழ வேண்டும். வசனம் கிடையாது. கடைசியில் ஓடுகிற எழுத்தில் என் பெயருக்கு எதிரே "அம்மா" என்று மட்டும் வரும். அதற்கு முந்திய வருடம் "கடைக்காரி". அதற்கும் முந்தி "ஆஸ்பத்திரியில் அழும் பெண்". எங்களைப் போன்றவர்களுக்குக் குணச்சித்திர நடிகை என்று கௌரவமான பெயர் ஒன்று இருக்கிறது. முகத்தை எங்கேயோ பார்த்ததுபோல இருக்கும், யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நான் சிறுமியாக லண்டனுக்கு வந்தவள். நாடகப் பள்ளியில் படித்தவள், ராணியாகவும் சூனியக்காரியாகவும் மேடையில் நின்றவள். படிப்பை முடித்து வெளியே வந்தால் அழத்தான் கூப்பிட்டார்கள். கோபம் வராதா? வந்தது. வேறு வேலை வரவில்லை, அழுதேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெயருள்ள ஒரு பாத்திரம். ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போகாமல் வருடக்கணக்காக நிலைக்கிற பாத்திரம்.

அது ஒருநாள் வந்தது. வாரத்தில் இரண்டு மாலை ஓடுகிற தொடர், கிழக்கு லண்டன் தெரு ஒன்றின் கதை. அங்கே கடை வைத்திருக்கிற தமிழர் ஒருவரைத் திருடர்கள் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய மனைவிக்குப் பெயர் இருந்தது, வசனம் இருந்தது, கோபம்கூட இருந்தது. முதலில் சில வாரங்கள், சனங்களுக்குப் பிடித்தால் நிரந்தரம். எனக்கு வேலை பிடித்துத் தருகிற ஏஜென்ட் போனை வைத்ததும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கூச்சல் போட்டேன். மினிகாப் டாக்ஸி ஓட்டிக் களைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் கதையைச் சொன்னேன்.

"அப்ப நான் செத்திட்டனோ?" என்றார்.

"ஓம், முதல் கிழமையே."

"உமக்கு வேலை கிடைக்குதெண்டால் நான் சாகாமல் இருப்பனே?"

எங்களோடு இருந்த மாமிக்கு இந்தப் பகிடி பிடிக்கவில்லை. "வாயைப் பொத்தடா. விளக்கு வைக்கிற நேரத்திலை என்ன கதை இது?" என்று மகனை ஏசினார்.

செத்தவீட்டுக் காட்சியில்தான் சிக்கல். அந்தப் பெண் தன் தாலியைத் தானே கழற்ற வேண்டும், கமரா கழுத்துக்குக் கிட்ட நிற்கும். உடுப்புப் பிரிவில் தாலி என்று ஒன்றைக் காட்டினார்கள். வடஇந்தியர் போடுகிற, கறுப்பு மணி கோத்த மெல்லிய சங்கிலி! எங்கள் சனம் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பாத்திரம், அதற்குப் பிழையான தாலியோ? "என்னுடையதையே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

நாங்கள் இருக்கிற வடக்கு லண்டன் எட்மண்டனில் எங்கள் பெண்களின் தாலிக்கொடி கழுத்தில் கிடப்பதில்லை. தமிழ் வீடென்றால் பவுன் இருக்கும் என்று கள்ளருக்குத் தெரியும், ஆகவே எல்லாம் வங்கி லொக்கரில். என்னுடையதும் கலியாணம், தேர்த்திருவிழா என்றால்தான் வெளியே வரும். லொக்கரில் வைக்கக் கழற்றினால் குற்றமில்லை, நடிக்கக் கழற்றினால் குற்றம் என்று மாமி ஒரே பிடியாக நின்றார். பாத்திரத்தை விடமாட்டேன் என்று நானும் நின்றேன். கடைசியில் மாமி இறங்கி வந்தார்.

"கழட்டுறதெண்டால் கழட்டு. ஆனால் திரும்பப் பூட்டுறது அவன்ரை கையாலை மட்டும்தான். வேறை ஒருத்தரும் தொடக்கூடாது."

இதில் என்ன கஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள் என்பது, அத்தனை வருடம் நடித்த எனக்கு, அப்போது மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பழைய பண்டகசாலை ஒன்றுக்குள் படப்பிடிப்பு. முதல் தரம் கழற்றினேன். இன்னொரு தடவை என்றார் டைரக்டர். உடுப்புப் பிரிவுப் பெண் கொடியை என் கழுத்தில் மாட்ட ஓடிவந்தாள். "தொடாதே!" என்று கத்திவிட்டேன். பாவம், வெலவெலத்துப் போனாள். வெளியே காருக்குள் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவரைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வயர்களைத் தாண்டித் தாண்டி வந்து, எல்லோரையும் பார்த்து அசடு வழியச் சிரித்து, என் பின்னால் நின்று சுரையைப் பூட்டினார். கொடியின் இரண்டு முனையையும் சேர்க்கிற அந்தத் திருகோடு கலியாணத்தன்றும் மல்லுக்கட்டியவர்தான்.

"இப்ப எத்தினையாந்தரம் சாகிறன்?" என்று காதுக்குள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, அந்தத் தடவையும் வீணாய்ப் போனது.

மறுபடியும் கழற்றினேன், மறுபடியும் வந்தார். வெளிச்சம் சரியில்லை, மறுபடியும். கமராக்காரர்கள் முதலில் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். பிறகு அவருக்குக் கதிரை ஒன்று கொடுத்துப் பக்கத்திலேயே இருத்திவிட்டார்கள். அங்கிருந்த சின்னத் திரையில் அவர் எல்லாவற்றையும் பார்த்தார். பகிடி நின்றுபோனது. அடுத்த தடவை சுரையை மெல்ல மெல்லத் திருகிப் பூட்டினார். அவருடைய குளிர்ந்த விரல் என் பிடரியில் பட, எனக்கு என்னவோ செய்தது.

டைரக்டர் கிட்ட வந்தார். "கழற்றும்போது அழ வேண்டாம். இப்போது அவர் பூட்டுகிறபோது உங்கள் முகம் எப்படி இருந்தது? அதுதான் எனக்கு வேண்டும்."

கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். அந்த முகம் என் கணவருக்கும் எனக்கும் உள்ளது, ஊருக்குக் காட்ட அல்ல. ஆனால் பாத்திரத்தை விட மனம் வரவில்லை. கதிரையில் உயிரோடு இருக்கிற மனுஷனை இல்லை என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். சுரையைத் திருகிக் கழற்றினேன். போதும் என்றார் டைரக்டர். திரும்பிப் பார்த்தால் கதிரை வெறுமையாகக் கிடந்தது. கொடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு காருக்குப் போனேன். அதை என் கழுத்தில் பூட்டிவிட்டுத்தான் காரை எடுத்தார்.

சனங்களுக்குப் பிடித்துவிட்டது. நிரந்தரமாக்கினார்கள். வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். போகப் போகத்தான் விளங்கியது. கோபமெல்லாம் முதல் வாரங்களோடு முடிந்துவிட்டது. பிறகு வெள்ளைச் சேலை, கடை மேசை, சுவரில் மாலை போட்ட படம். நிறச் சேலை ஒன்று கட்டட்டுமா, ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கட்டுமா என்று கேட்டேன். உங்கள் துக்கம்தான் சனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். வேறு இடத்தில் வாய்ப்புக் கேட்டால் அங்கேயும் விதவைதான். சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளைக்காரக் கிழவிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கணவரின் மரணத்துக்கு அனுதாபம் சொல்வார்கள். பக்கத்தில் ட்ராலி தள்ளுகிற அவர், நன்றி என்பார்.

பிறகு குட்மேய்ஸில் ஒரு கலியாணம், தெரிந்தவர்களின் மகளுக்கு. லொக்கரில் இருந்து கொடியை எடுத்துப் போட்டு, சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். கலியாணப் பொம்பிளையின் தாய் ஆராத்தி எடுக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டுக்கொண்டு வரிசையாக வந்தார். என்னைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

கணவர் எழும்பி நின்றார். "அக்கா, நான் இன்னும் சாகேல்லை!"

மண்டபமே சிரித்தது. அந்த மனுஷி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, குறை நினையாதை. ரீவியிலை பாத்துப் பாத்து எனக்கு உன்னை…" முடிக்காமல் தட்டை என் கையில் தந்தார். எடுத்தேன். படத்துக்கு எல்லோரும் சிரித்தோம்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன். "இஞ்சேருங்கோ, விட்டிடட்டோ?"

சிக்னலில் கார் நின்றது. முன்னால் பார்த்தபடியே சொன்னார். "விட்டிட்டு? திரும்பவும் பேரில்லாத அம்மாவா நிண்டு அழப்போறீரோ?"

பச்சை விழுந்தது, காரை எடுத்தார்.

"ஒருக்காச் செத்தால் பரவாயில்லை," என்றார். "கிழமைக்கு ரெண்டு தரம் எண்டால்தான் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

பகிடியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. திங்கட்கிழமை காலை என்னை ஸ்டூடியோ வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டவரும் அவர்தான்.