வெள்ளைக் காரும் நாலு மணிக் கோச்சியும்

பெரியப்பா கார் வாங்கியது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. அதையும் வெள்ளைக் காராகப் பார்த்து வாங்கி, ரயில் பாதைக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தியதுதான் வேடிக்கை. இலங்கை மலையகத்தில், தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். தோட்டம் கொடுத்த வீடு மலைச்சரிவில் இருந்தது. ஒரு கார் நிற்கும் அளவுக்குச் சமதரை அந்த வீட்டு வாசலில் மட்டும்தான் உண்டு. வாசலுக்கு மேலே, கல்லெறி தூரத்தில் ரயில் பாதை. யானையை வாங்கத் துணிந்த மனிதர் கொட்டிலைப் பற்றி யோசிக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். பயணிகள் கோச்சிக்கெல்லாம் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் பதுளையிலிருந்து பண்டாரவளைப் பக்கம் மலையேறும் சரக்குக் கோச்சியை இன்னமும் கரி எஞ்சின்தான் இழுத்தது. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், பின்னேரம் நாலு மணிக்கு, எங்கள் வீட்டுக்கு மேலே அது மூச்சுவாங்கிக்கொண்டு போகும். நடந்து போகிறவன்கூட அதை முந்திவிடலாம். அது போன பிறகு பார்த்தால், பெரியப்பாவின் கார் எள்ளுருண்டைபோல இருக்கும்.

காருக்குக் குளிப்பாட்டு முறை ஒன்றைப் பெரியப்பா வகுத்து வைத்திருந்தார். கரித்தூள் மேல் கை வைக்கவே கூடாது. மணலைப் போல வண்ணத்தைக் கீறிவிடும். எடுத்தவுடன் ஈரத்துணியும் ஆகாது, மைபோல இழுபடும். ஆகவே முதலில் ஊத வேண்டும். ஊதியும் போகாததைக் கோழியிறகுக் கட்டால் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர், பழைய பனியன், கடைசியில் மெழுகு. அவர் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்ததும், தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும் நானும் காரைச் சுற்றி நின்று கன்னம் உப்ப ஊதுவோம். கொழுந்துக் கூடையோடு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். கிளாக்கரய்யா வீட்டில் காரைச் சூடு ஆற்றிக் குடிக்கிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

இத்தனைக்கும் அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்வரும். மற்ற நாட்களில் பெரியப்பா நடந்தே காரியாலயம் போவார். பாதையில் சேறு பட்டுவிடுமாம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் அம்மாவும் அப்பாவும் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் சரியில்லை என்று என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா எனக்குத் தலைவாரிப் பின்னி, சோற்றுப் பெட்டி கட்டித் தந்து, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கால் பிடித்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். அவருடைய தாய்வீட்டைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. எல்லோருக்கும் தாய்வீடு இருக்க வேண்டுமென்று நானும் யோசித்ததில்லை.

கோச்சிச் சத்தம் கேட்டதும் ஒரு பெரிய வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுபோய்க் காரை மூடுவது பெரியம்மாவின் வேலை. அதில்தான் வினை. பெரியம்மா ஓடத்தான் ஓடுவார். ஆனால் துப்பட்டியை உடனே விரிக்காமல், தூசு தட்டுகிறவரைப் போல உயரத் தூக்கி மூன்று நான்கு தடவை உதறுவார். அதற்குள் கரி கொட்டிவிடும். பெரியப்பா வந்து பார்த்து, ஒரு துப்பட்டியை நேரத்துக்கு விரிக்க இந்த வீட்டில் ஆளில்லையா என்று சத்தம் போடுவார். பெரியம்மா ஊத ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பெரியப்பா, நாளையிலிருந்து இந்த வேலைக்குத் தொழிற்சாலைக் காவல்காரரை வரச்சொல்லப் போவதாகவும், பெரியம்மா வாசலுக்கே வரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். பெரியம்மா கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வேணாங்க. நானே மூடிக்கிறேன். இனிமே பிந்தாது.”

அன்று அடுப்படியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பெரியம்மாவை இந்தத் திட்டிலிருந்து காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, உளவுபார்க்கத் தொடங்கினேன்.

வேலிக்கருகே கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு வாரத்திலேயே துப்புக் கிடைத்தது. எல்லா நாளும் கரி விழவில்லை. சில நாட்களில் சாம்பல் நிறத்தில் மெல்லிய புகைதான் வந்தது. அந்த நாட்களில் பெரியம்மாவும் துப்பட்டியை உதறாமல், மளமளவென்று மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். கரி விழுந்த நாட்களிலெல்லாம் எஞ்சினில் கரி அள்ளிப்போட்டவர் ஒரே ஆள். தலையில் சிவப்புத் துண்டு கட்டியவர். வளைவு வரைக்கும் சும்மா வருவார். எங்கள் வீட்டுக் கூரை தெரிந்ததும் கரி அள்ளும் சவலை எடுத்து, அள்ளி அள்ளி நெருப்புக்குள் போடுவார். எஞ்சின் கறுப்புப் புகையாகக் கக்கும். போதாததற்கு, வெளியே எட்டிப்பார்த்துக் கையும் ஆட்டுவார். கரியையும் கொட்டிவிட்டுக் கேலி வேறு செய்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்றுவிடாமல் கிழமை போட்டு எழுதினேன்.

ஒரு மாதம் எழுதி முடித்ததும், பெரியம்மாவுக்குத் தெரியாமல் கொப்பியைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றிரவே காரியாலயத் தட்டெழுத்து யந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, ரயில் அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான புகார் அடித்தார். என் கொப்பியில் இருந்தது எல்லாம் அதில் ஏறியது. எனக்கு ஒரு மை பேனா வாங்கித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்கு முன்பே சிவப்புத் துண்டுக்காரரைக் காணவில்லை. கோச்சி வந்தது, மெல்லிய புகை வந்தது, கார் பளபளவென்று நின்றது. பெரியம்மா துப்பட்டியோடு வாசலில் கோச்சியின் கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றார். இனி திட்டு விழாது என்ற நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதம் வந்த அன்று பெரியப்பா அதைச் சிரித்த முகத்தோடு பிரித்தார். பாதி படிக்கும்போதே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “மாத்திட்டாங்களாம். வடக்குப் பாதைக்கு” என்றார். பிறகு பெரியம்மாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு வெளியே வந்து காருக்குள் ஏறி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இன்னொரு கடிதம் அடித்தார். மூன்று தாளைக் கிழித்துப்போட்டார். நன்றிக் கடிதமாக்கும் என்று நானே சந்தோஷமாகத் தபாலில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. சொன்னபடி பேனா வாங்கித் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவப்புத் துண்டுக்காரர் பெரியம்மாவின் ஒரே தம்பி என்று எனக்குத் தெரியவந்தது பெரியப்பாவின் கருமாதி அன்றுதான். அப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள். மணிக்கட்டெல்லாம் தீத்தழும்போடு ஒரு வயதானவர் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்தத் தம்பி. பெரியப்பா தனக்குப் பேசிவைத்த பெண்ணை வேண்டாமென்று, ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று அன்றைக்கே பெரியப்பா சொல்லிவிட்டாராம். பெரியப்பா வேலை முடிந்து வருவதற்குள் கோச்சி போயிருக்கும், அவர் கண்டதெல்லாம் காரின் மேல் கரிதான். எஞ்சினில் இருந்தது யாரென்று கடிதத்தில் பெயரைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. மன்னித்து, மச்சானைத் திரும்ப அனுப்பச் சொல்லித்தான் இரண்டாவது கடிதத்தை அடித்திருக்கிறார். புகாருக்குச் செவிசாய்க்கிற அதிகாரிகள் மன்னிப்புக்குச் செவிசாய்ப்பதில்லை.

வீட்டைக் கண்டதும் ஏன் அப்படிக் கரியை அள்ளிப் போட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“விசிலு ட்ரைவர் கையிலம்மா. எங்கிட்ட இருந்தது சவல் மட்டுந்தான். கறுப்பா பொக வந்தா நான்தான்னு அக்காவுக்குத் தெரியும்.”

யார் புகார் கொடுத்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். தம்பிக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரும்படி சொல்லி என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்.

அத்தனை வருடங்களுக்கு முன், புகாருக்குப் பதில் கடிதம் வந்த அந்த வாரம், ஒரு பின்னேரம், கோச்சி போன பிறகு பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார்.

“அதுல எழுதியிருக்கறத வாசி கண்ணு.”

என் கெட்டிக்காரத்தனம் பெரியம்மா வரைக்கும் எட்டிவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன். செவ்வாய், சிவப்புத் துண்டு, கறுப்புப் புகை, கரி அதிகம். வியாழன், வேறு ஆள், கரி இல்லை. வெள்ளி, சிவப்புத் துண்டு, கரி அதிகம், கையாட்டினான்.

“எத்தன தரம் ஆட்டினான்?” என்று கேட்டார்.

இரண்டு தரம் என்றேன். எல்லாவற்றையும் வாசித்து முடித்ததும், முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பாவம், பெரியம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, இந்தத் தடவை இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.