மாந்தோப்பு வரை வந்த விசில்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பேருந்தில் தாமோதரன் நடத்துநராகச் சேர்ந்தது தொண்ணூற்று மூன்றில். மற்ற நடத்துநர்கள் கழுத்தில் விசிலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இவருக்கு உதடு போதும். கீழிருந்து ஏறும் ஒரு நீள ஒலி, அதன் உச்சியில் இரண்டு சின்னத் தட்டல். பின்படிக்கட்டில் நின்று அவர் அடித்தால், எஞ்சின் இரைச்சலைத் தாண்டி ஓட்டுநர் ஜானகிராமனின் காதுக்குப் போய்விடும்.

கிணற்றடி நிறுத்தத்தில் மட்டும் அந்த விசிலுக்கு ஒரு வால் உண்டு. காலை வண்டிக்கு அங்கே சியாமளா ஏறுவார். மாமல்லபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. அவர் ஏறி, இடம் பார்த்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு உட்காரும் வரைக்கும் தாமோதரன் வண்டியை எடுக்கச் சொல்லமாட்டார். பிறகு வரும் விசிலில், இரண்டு தட்டலுக்கும் பின்னால், மெல்லத் தாழ்ந்து இறங்கும் ஓர் இழுப்பு. யாரையோ கூப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்று பாதியில் நிறுத்திக்கொண்டதுபோல.

அவர்கள் பேசியதெல்லாம் "மகாபலிபுரம் ஒண்ணு", "இந்தாங்க மேடம்" அவ்வளவுதான். தினமும் பின்சீட்டில் போனவன் என்பதால் எனக்குத் தெரியும்.

கிணற்றடியில் ஒரு புங்கமரம். அதில் ஒரு குண்டுக்கரிச்சான் குருவி, கேட்ட ஒலியைத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் ஜாதி. தாமோதரனுக்கு அது 'கருப்பு வெள்ளை'. பங்குனி பிறந்தால் உச்சிக்கிளையில் வாலைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கிவிடும். ஒரு வருடம் அதன் பாட்டின் நடுவே தாமோதரனின் விசில் வந்தது, இழுப்போடு சேர்த்து. அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

தொண்ணூற்றேழில் சியாமளாவுக்குப் பதவி உயர்வு. நாக்பூருக்கு மாற்றல் என்று பேருந்தில் யாரோ யாரிடமோ சொல்லித்தான் தாமோதரனுக்குத் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை கிணற்றடியில் சியாமளா நிற்கவில்லை. அன்று அடித்த விசில் மொட்டையாக இருந்தது. குருவி மட்டும் இழுப்பை விடவில்லை.

அதற்கடுத்து இரண்டாவது பங்குனியில் அது நடந்தது. ஒருவரின் நெல்மூட்டையை மேலே ஏற்றிக்கொடுக்க தாமோதரன் கிணற்றடியில் இறங்கினார். மூட்டையைப் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. யாருடைய டிவிஎஸ் ஐம்பதிலோ தொற்றிக்கொண்டு வந்து ரைஸ்மில் நிறுத்தத்தில் எங்களைப் பிடித்தார்.

"இன்னா நைனா, என்னை உட்டுட்டு எங்க போற?"

"நீதானடா விசிலு குடுத்த!" ஜானகிராமன் சீட்டிலிருந்தே திரும்பிக் கத்தினார்.

"நான் எங்க குடுத்தேன்? அது குருவி."

"குருவியா? இழுத்து வந்திச்சே! மேடம் குந்திட்டாங்கன்னு எடுத்துட்டேன்."

"மேடம் போயி எந்தக் காலமாச்சு?"

"எனக்குத் தெரியாதா? காலுக்குத் தெரியலியே தாமு."

வண்டி முழுக்கச் சிரித்தது. தாமோதரனும் சிரித்தார். ஆனால் அவர் பின்படிக்கு வந்து நின்றபோது முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளும் ஜானகிராமனுக்கும் தெரிந்திருக்கிறது.

முதலாளி ஒரு பச்சை பிளாஸ்டிக் விசிலைக் கொடுத்தனுப்பினார். இனிமேல் அதுதான் என்று உத்தரவு. தாமோதரனின் உதடு ஓய்ந்தது அப்போதுதான்.

மறு வருடம் ரைஸ்மில் வேப்பமரத்துக் குருவி இழுப்போடு பாடியது. அந்த நிறுத்தத்தில் அவர் ஒருநாளும் இழுத்ததில்லை. பக்கத்து மரத்துக் குருவியிடம் கேட்டுக் கற்றதுதான். இந்தக் குருவிகள் அப்படித்தான். எல்லைக்குச் சண்டை போட்டுக்கொண்டே எதிராளியின் பாட்டை எடுத்துக்கொள்ளும். எடுத்ததை அப்படியே பாடவும் செய்யாது. ரைஸ்மில்காரன் தட்டல் ஒன்றைக் கூட்டினான். அதற்கும் அப்பால் மாந்தோப்பில் ஒருவன் இழுப்பை நடுவில் லேசாக உடைத்தான். ஏரி தாண்டினால் பாட்டே வேறு.

"தம்பி, எதுவரைக்கும் வந்துகீது பாத்தியா?" என்பார் என்னிடம். சீட்டு கிழிக்கிற கை நின்றிருக்கும். "அவங்க ஒருவாட்டி கேட்டுட்டா போதும்பா."

அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. வீட்டில் பார்த்த இடங்களை ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

சாலையை அகலப்படுத்தியபோது கிணற்றடிப் புங்கமரம் போனது.

இரண்டாயிரத்து நான்கு, ஆனி மாதம். கிணற்றடியில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி சியாமளா நின்றார். காதோரம் நரை. தாமோதரன் படியிலிருந்து நகரவில்லை. சியாமளா உட்கார்ந்த பிறகு பிளாஸ்டிக் விசிலை ஊதினார். ரெஃப்ரி ஊதுவதுபோல இருந்தது.

"மகாபலிபுரம், ஒண்ணரை."

"இந்தாங்க மேடம்."

சியாமளா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குருவிகள் அடங்கத் தொடங்கும் மாதம் அது. ரைஸ்மில் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். வேப்பமரம் சும்மா இருந்தது. தாமோதரன் விசிலை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "ரைட்டா?" என்று ஜானகிராமன் கத்திய பிறகுதான் ஊதினார்.

மாந்தோப்பில் ஒரு கிழவர் கூடையோடு ஏறினார். தாமோதரன் விசிலை எடுக்கவேயில்லை. தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் இலைகள் உரசும் சத்தம். ஒரு மைனா. பிறகு எங்கிருந்தோ அந்த நீள ஒலி ஏறியது, இரண்டு தட்டல், நடுவில் உடைந்த இழுப்பு.

வண்டி கிளம்பியது. ஜானகிராமனின் கால்தான்.

சியாமளா சட்டென்று திரும்பினார். "நீங்களா?"

"நான் இல்லீங்க மேடம்." பிளாஸ்டிக் விசிலைத் தூக்கிக் காட்டினார். "மரத்துலகீது."

"நான் ஏறினாத்தானே கடைசியில அந்த இழுப்பு வரும்?"

தாமோதரன் தூக்கிய விசிலை மெல்ல இறக்கினார். சிறுமி, "என்னம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, சியாமளா தோப்பு மறையும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமல்லபுரத்தில் சியாமளாவும் சிறுமியும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வண்டியைப் பின்னால் எடுத்து நிழலில் நிறுத்தவேண்டும். ஜானகிராமன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தாமோதரன் பிளாஸ்டிக் விசிலைப் பைக்குள் போட்டு உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்று. மறுபடி முயன்றபோது ஒலி ஏறியது, இரண்டு தட்டல், பிறகு இழுப்பு. மாந்தோப்புக் குருவி உடைத்த அதே இடத்தில் அதுவும் உடைந்தது.

கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்த சியாமளாவின் நடை ஒரு கணம் நின்றது. பிறகு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.