விளக்கு வைத்த பிறகு கிருபை வாசித்த பாடம்

இதை வாசிக்கிற விசுவாச சகோதரிகளே, பெற்ற மகள் என் கண் முன்னாலேயே குருடாகிக்கொண்டிருந்தாள். நானோ அது தெரியாமல் அவள் படிப்பை மெச்சிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் எங்களை அதிலிருந்து தூக்கியெடுத்த விதத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கூரையிலிருந்து பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் அந்த மார்கழி மாதம் நான் பட்ட பயத்தை இன்றுவரை யாராலும் கேலி செய்ய முடியாது.

உசிலம்பட்டிக்கு ரயில் வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம் அது. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் கணவர் உபதேசியாராக இருந்தார். சுற்றுப்பட்டிகளுக்கு ஊழியத்துக்குப் புறப்பட்டால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ரூத், இளையவள் கிருபை. ரூத்தை முதலில் மதுரையில் போர்டிங் பள்ளியில்தான் சேர்த்தோம். காய்ச்சல் கண்டு எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். அன்றோடு போர்டிங் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நானும் மதுரையில் படித்தவள்தானே, என் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்க மாட்டேனா என்று ஒரு வைராக்கியம்.

பகலில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பேன். மற்ற நேரத்தை வீட்டு வேலை தின்றுவிடும். அதனால் எங்கள் பள்ளிக்கூடம் விளக்கு வைத்த பிறகுதான். அரிக்கேன் விளக்கைச் சுற்றி மூவரும் உட்காருவோம். ரூத் பாடத்தை ஒரு தடவை உரக்க வாசிப்பாள். பிறகு அதே பாடத்தைக் கிருபை வாசிப்பாள். சங்கீதமும் அப்படித்தான், கணக்கு வாய்ப்பாடும் அப்படித்தான்.

ஐப்பசியில் கிருபைக்கு மணல்வாரி அம்மை போட்டது. பிழைத்ததே பெரிய காரியம். அதன் பிறகு வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அம்மை இறங்கினால் பத்தியம் கடுமை. நாங்கள் கிறிஸ்தவர்கள், வேப்பிலை கட்டவில்லை, அம்மனுக்கு வேண்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பத்தியத்தை மட்டும் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே பிடித்தேன். மீன் இல்லை, முட்டை இல்லை, கீரை இல்லை, எண்ணெய் இல்லை. கஞ்சியும் உப்பும் சுட்ட அப்பளமும்தான். ஊரார் ஒரு மாதத்தில் விடுவதை நான் பயத்தில் மார்கழி பிறந்தும் விடவில்லை.

ஆனால் படிப்போ அமோகம். கிருபை தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நோய் வந்து புத்தியைத் தீட்டிவிட்டது என்று சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன்.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வருகிற முதல் வாரத்தில் பிள்ளைகளின் படிப்பைக் கணக்குப் பார்ப்பது என் வழக்கம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி முறுக்காகத்தான் உட்காருவேன். அந்த வருஷம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக்கூடாது என்று ரூத்தைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டேன். கிருபைக்கு இதுவரை நடத்தாத ஒரு பாடத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு போன வாரத்துப் பாடத்தை மணி மணியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

குறும்பு என்று நினைத்து அதட்டினேன். அவள் விளக்குப் பக்கம் நகர்ந்தாள்.

"வெளக்கக் கொஞ்சம் தூண்டி விடும்மா. எழுத்தெல்லாம் ஒரே இருட்டா இருக்கு."

அதற்குச் சற்று முன்தான் நான் விளக்கைத் தூண்டியிருந்தேன். திரி நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ரூத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொழுது சாய்ந்தால் தங்கைக்குக் கண் தெரியாது என்றும், கையைப் பிடித்துத் தான்தான் கூட்டி வருவதாகவும் அழுதுகொண்டே சொன்னாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கிருபையைக் கேட்டேன்.

"நீ சந்தோசமா இருந்தியேம்மா" என்றாள்.

சகோதரிகளே, அந்த ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது. என் மெச்சுதலுக்காகப் பிள்ளை காதால் கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறாள்.

விடிந்ததும் வெயிலில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி வறண்டு சுருங்கியிருந்தது. ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு திட்டு. கருவிழியிலும் பளபளப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வந்து பார்த்துவிட்டு முகம் மாறினாள். தன் சித்தி மகளுக்கும் மாலைக்கண்ணில்தான் தொடங்கியதாம், பிறகு பூ விழுந்து இரண்டு கண்ணும் போய்விட்டதாம். "வைத்தியர நாளைக்குக் காலையில கூட்டியாரேன் தாயி. பச்சிலைச் சாறு விட்டா நின்னுரும்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எரிகிற சாறு, பிள்ளை துடித்துப் போவாள் என்றும் சொன்னாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன செய்வேன்? கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. சாறு விடவும் பயம், விடாமல் இருக்கவும் பயம். என் மகள் சுவரைத் தடவிக்கொண்டே ஆயுசு முழுவதும் நடப்பது போல மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் முழங்கால் போட்டேன். எத்தனையோ பேருக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அன்று வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, அவள் படிப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும். கண்ணை விட்டுவையும். நான் செய்ய வேண்டியது என்னவென்று காட்டும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுநாள் வைத்தியர் வருவதற்கு முன்னால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒச்சப்பன் அண்ணன் நின்றார். மதுரைச் சிம்மக்கல் மண்டிக்குப் புளி ஏற்றிப் போகிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவரும் அல்ல, எங்கள் தெரு வழியாகப் போகிறவரும் அல்ல. முந்தின நாளே கிளம்பியிருக்க வேண்டியவர், சக்கரத்துப் பட்டா கழன்றதால் நின்றுவிட்டார். பட்டறையிலிருந்து வருகிற வழியில், மதுரையில் ஏதாவது வாங்கி வரவேண்டுமா என்று கேட்டுப்போக வந்திருந்தார். நான் பிள்ளையை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் கிருபையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "மூட்டை மேலதான் உக்காரணும் தங்கச்சி. ஏறு" என்றார்.

பேச்சியக்காவிடம் ரூத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அந்த வழிப்பயணத்தைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. வண்டி குலுங்கும்போதெல்லாம், போய்ச் சேருவதற்குள் பூ விழுந்துவிடுமோ என்று பிள்ளையின் இமையைத் திறந்து திறந்து பார்த்தேன். அவள்தான் பொறுக்க முடியாமல் என் கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, நம் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர், கண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பெருமையாகவே பத்தியத்தைச் சொன்னேன். வைத்தியர் விடவிருந்த பச்சிலைச் சாற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நோய் கண்ணுல இல்லம்மா, உங்க சட்டியில இருக்கு. இந்த நெலையில அந்தச் சாற விட்டிருந்தா முழி வெந்து போயிருக்கும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சக்கரத்துப் பட்டா கழலாதிருந்தால் என் மகளுக்குக் கண் இல்லை.

மீன் எண்ணெய் கொடுத்தார்கள். ஈரலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். வாயில் வைக்க முடியாத நாற்றம் அந்த எண்ணெய், கிருபை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். நான் ஒவ்வொரு சாயங்காலமும் பயந்து செத்தேன். கண் பிழைக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்கவும் பயம், அவர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று.

ஒரு நாள் பொழுது இறங்கிய நேரம். வார்டில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு விசும்பல்கூட வெளியே வரவில்லை.

"ஏம்மா அழுவுற?" என்றாள் கிருபை.

என் அழுகையை அவள் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தாள். அந்த மங்கலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையில் விழுந்து ஆண்டவரைத் துதித்தேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பயந்துபோனார்கள்.

கிருபை இன்று நல்ல பார்வையோடு இருக்கிறாள். கருவிழியில் ஒரு வடுகூட இல்லை. வருஷப் பிறப்பானால் இப்போதும் கணக்குப் பார்க்கிறேன், ஆனால் பட்டப்பகலில், புத்தகத்தைத் திறக்கும் முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்த்து. வேதம் சொல்லப் போகிற வீடுகளிலும் அம்மை கண்ட பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அடுப்படி வரை போய்க் கேட்காமல் வருவதில்லை. பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. பயந்துகொண்டே ஜெபிக்கிறேன், அவர் அதையும் கேட்கிறார். உங்களில் யாராவது பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி வார்த்தை வராமல் இருந்தால், வராத வார்த்தையோடேயே அவரிடம் போங்கள், சகோதரிகளே. நானும் அப்படித்தான் போனேன்.